வாசகர் கேள்வி: ரத்தம் ஏன் பால்போல் வெளுத்தது?

கேள்வி: அழகர்கோவில் பக்கம் உறவினர் வீட்டுக் கிடா விருந்தில் மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஊர் திரும்பும் வழியில் மாலை 4 மணிக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். பிரித்தெடுத்த ரத்தநீர் பால்போல் வெளுத்திருப்பதாகச் சொல்லி, வெறும் வயிற்றில் மறுபடி வரச் சொன்னார்கள். கறிக்கொழுப்பு அப்படியே ரத்தத்தில் கலந்துவிட்டதா? சாப்பிட்டதும் வெந்நீர் குடித்திருந்தால் கரைந்திருக்குமா?
– மேலூர் வாசகர்

பதில்: கலந்தது உண்மைதான், ஆனால் அப்படியே கலக்கவில்லை. ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், எண்ணெய் அதில் தனியாக மிதந்து செல்ல முடியாது. எண்ணெய்க் குளியலில் சீயக்காய் செய்யும் வேலையைச் சிறுகுடலில் பித்தநீர் செய்து, கொழுப்பை நுண்ணிய திவலைகளாகச் சிதறடிக்கிறது. கணையத்திலிருந்து வரும் லைபேஸ் என்னும் நொதி அத்திவலைகளைக் கொழுப்பு அமிலங்களாகவும் மோனோகிளிசரைடுகளாகவும் உடைக்கிறது. விந்தை என்னவென்றால், இவ்வளவு பாடுபட்டு உடைத்தவற்றை உறிஞ்சிக்கொண்ட குடற்சுவர்ச் செல்கள், அவற்றை மீண்டும் கொழுப்பாக இணைத்து, புரதம் சேர்ந்த உறையிட்டு, கைலோமைக்ரான் என்னும் பொட்டலங்களாகக் கட்டுகின்றன.

சர்க்கரையும் அமினோ அமிலங்களும் குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குச் செல்ல, ரத்த நுண்குழாய்களில் நுழைய முடியாத அளவுக்குப் பெரிய இந்தப் பொட்டலங்களோ நிணநீர்க் குழாய்கள் வழியாக மார்புக்கு ஏறி, இடது கழுத்தின் அடியிலுள்ள பெரிய சிரையில் சேருகின்றன. விருந்து முடிந்து 3 முதல் 4 மணி நேரத்தில் இவை ரத்தத்தில் உச்சத்தை எட்டும். நீங்கள் சரியாக அந்த நேரத்தில்தான் கையை நீட்டியிருக்கிறீர்கள். ஒளியைச் சிதறடிக்கும் இப்பொட்டலங்களே அந்த வெண்மைக்குக் காரணம். பிறகு தசைகள் தமக்கு வேண்டியதை எரிபொருளாக எடுத்துக்கொள்ள, மிச்சத்தைக் கொழுப்புத் திசு சேமிக்க, எஞ்சிய கூட்டைக் கல்லீரல் வாங்கிக்கொள்ள, ரத்தநீர் தானாகத் தெளிந்துவிடும்.

வெந்நீர் இதமாக இருக்கும், அவ்வளவுதான். வயிற்றில் அது விரைவில் உடல் வெப்பநிலைக்கு வந்துவிடும். கொழுப்பை அது கரைப்பதில்லை.

இனி 9 முதல் 12 மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல் பரிசோதனைக்குச் செல்லுங்கள். அப்போதும் வெண்மை இருந்தால் முழுப் பழியையும் ஆட்டுக்கறியின் மீது போட வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய சோறு, பரோட்டா, இனிப்பு, மது ஆகியவற்றிலிருந்தும் கல்லீரல் கொழுப்பை உருவாக்கி ரத்தத்தில் விடுகிறது. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இப்படி நேரலாம். டிரைகிளிசரைடு என்னும் இந்த ரத்தக் கொழுப்பு டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் கணைய அழற்சிக்கு வாய்ப்பு உண்டு என்பதால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.