சாதாரண ஆளு ஆபத்துல மாட்டிக்கிற த்ரில்லர்ல எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?

கேள்வி: போலீஸோ உளவாளியோ இல்லாம, நம்மள மாதிரி ஒரு சாதாரண ஆளு திடீர்னு ஆபத்துல சிக்கிக்கிற சஸ்பென்ஸ் த்ரில்லர் பாக்கணும். எது நல்லாருக்கும், ஏன்?

மொதல்ல ‘டூயல்’ பாருங்க. 1971ல டைரக்டர் ஸ்பீல்பெர்க் அமெரிக்க டிவிக்காக எடுத்தது, அப்ப அவருக்கு 24 வயசுதான். கதை ஒரு வரி. டேவிட் மேன்னு ஒரு சேல்ஸ்மேன் வேலை விஷயமா கார்ல போறாரு, கலிஃபோர்னியா பாலைவன ரோடு, முன்னாடி கரும்புகைய கக்கிட்டு ஒரு பழைய டேங்கர் லாரி உருண்டுட்டு போகுது, பொறுத்துப் பாத்துட்டு ஓவர்டேக் பண்றாரு. அவ்ளோதான் அவர் பண்ணது. அதுக்கப்புறம் அந்த லாரி அவர உயிரோட விடமாட்டேன்னு துரத்துது. ஏன்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க, டிரைவர் மூஞ்சியவும் காட்ட மாட்டாங்க, ஜன்னலுக்கு வெளிய நீட்டுற ஒரு கை, கால்ல போட்ட பூட்ஸ், அவ்ளோதான். நடுவுல ஒரு ஹோட்டல்ல ஒதுங்குவாரு, லாரியும் வந்து வெளிய நிக்கும், அப்ப உள்ள உக்காந்து சாப்பிடறவங்கள்ல ஒருத்தன்தான் அந்த டிரைவர்னு இவர் ஒவ்வொருத்தன் பூட்ஸையா பாத்துட்டு இருப்பாரு பாருங்க, அந்த சீன்ல ஒரு சண்டையும் இல்ல, ஆனா நமக்கு வயித்தப் பெசையும்.

இது சும்மா கற்பனையில வந்ததும் இல்ல. கதை எழுதின ரிச்சர்ட் மாத்தீசன், 1963 நவம்பர் 22, அதாவது அமெரிக்க ஜனாதிபதி கென்னடிய சுட்ட அன்னிக்கு, நண்பரோட கோல்ஃப் ஆடிட்டு திரும்பி வர்றப்ப ஒரு லாரி பின்னாடியே ஒட்டி வந்து மிரட்டியிருக்கு, அத மனசுல வெச்சிருந்து பல வருஷம் கழிச்சு சிறுகதையா எழுதினாரு.

எனக்கு இந்தப் படத்துல ரொம்பப் பிடிச்சது ஒரு ரப்பர் ஹோஸ். ஆரம்பத்துல பெட்ரோல் போடறவரு பானெட்ட தொறந்து பாத்துட்டு, சார் ரேடியேட்டர் ஹோஸ் (எஞ்சின் சூடேறாம இருக்க தண்ணி போற குழாய்) மாத்தணும்பாரு, இவரு அப்புறம் பாத்துக்கலாம்னு கெளம்பிடுவாரு. நம்ம எல்லாரும் சொல்ற பதில்தான். லாரி ஓட்டின எங்க மாமாவோட உக்காந்து ஒரு தடவ இந்தப் படம் பாத்தேன், மலை ஏத்தம் வந்ததும் அவரு, “இனிமே லாரியால ஒண்ணும் முடியாதுடா, டேங்கரு ஏத்தத்துல கார புடிக்கவே முடியாது”ன்னாரு. படத்துல மேனும் அதையேதான் நம்பி ஏறுவாரு. அப்பதான் அந்த ஹோஸ் வெடிக்கும். எஞ்சின் சூடேறி, வேகம் கொறைஞ்சு, கண்ணாடில லாரி பெருசாகிட்டே வரும். மாமா அதுக்கப்புறம் பேசவே இல்ல. விதியோ வில்லனோட மூளையோ எதுவும் இல்ல, காலையில வேணாம்னு விட்ட ஒரு சில்லற வேலை மதியம் உயிருக்கு வந்து நிக்குது.

இனிமே முடிவு பத்தி சொல்லப் போறேன், படம் பாக்காதவங்க இந்த ஒரு பாராவ தாண்டிருங்க. மேன் எப்படி ஜெயிக்கிறாரு? துப்பாக்கி இல்ல, சண்டை இல்ல. தன்னோட ப்ரீஃப்கேஸ எடுத்து ஆக்ஸிலரேட்டர் மேல முட்டுக் குடுத்துட்டு, கார லாரிக்கு நேரா விட்டுட்டு வெளிய குதிக்கிறாரு, லாரி கார முட்டித் தள்ளிட்டே போயி பள்ளத்துல விழுது. ஒரு சேல்ஸ்மேன் கையில தெனமும் இருக்கற பொட்டி அது. அவர் உயிரக் காப்பாத்தறது அவரோட பொழப்புல இருந்தே வருது.

என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த வகைப் படத்துக்கு உயிர்நாடி இதுதான், சாதாரண ஆளு கடைசி வரைக்கும் சாதாரண ஆளாவே இருக்கணும். நம்ம ஊர்ல நெறைய படம் இங்கதான் கோட்ட விடுது. மொத அரமணி நேரம் மளிகைக் கடை, ஸ்கூல் ஃபீஸ், இஎம்ஐன்னு காட்டுவாங்க, நமக்கும் அய்யோ பாவம்னு இருக்கும், இடைவேளை வந்ததும் அவரு பழைய ரவுடின்னோ ரகசிய போலீஸ்னோ தெரிய வரும், ஒத்தையா பதினஞ்சு பேர பறக்க விடுவாரு. விசில் அடிக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்த நிமிஷத்துல இருந்து நம்ம பயம் போயிடுது, ஏன்னா திரையில இருக்கறது நம்ம இல்ல, யாரோ.

டைரக்டர் ஹிட்ச்காக் இந்த விஷயத்துல கில்லாடி. ‘ரியர் விண்டோ’ (1954) ஹீரோ ஒரு ஃபோட்டோகிராஃபர், கால் ஒடஞ்சு கட்டோட வீல்சேர்ல கெடக்கறாரு, எதுத்த வீட்டுக்காரன் பொண்டாட்டிய கொன்னுட்டான்னு சந்தேகம், கடைசில அவன் இவர் ரூமுக்கே வந்து நிக்கறப்ப எழுந்திரிக்கக் கூட முடியாது, கையில இருக்கறது ஃப்ளாஷ் பல்புதான், இருட்டுல அவன் கண்ணுக்கு நேரா ஒவ்வொண்ணா அடிச்சு அவன நிறுத்தப் பாப்பாரு. ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) இன்னும் ஒரு படி மேல. ஹீரோ கேரி கிராண்ட் விளம்பரக் கம்பெனி ஆளு, ஹோட்டல்ல பையன் ஒருத்தன் கேப்ளன்னு ஒரு பேரக் கூப்பிட்டுட்டு வர்ற நேரம் பாத்து இவரு அம்மாவுக்குத் தந்தி குடுக்கணும்னு கையத் தூக்குறாரு, பாத்துட்டு இருந்த ரெண்டு பேரு இவர்தான் கேப்ளன்னு தூக்கிட்டுப் போயிடறாங்க. அந்த கேப்ளன்னு ஒரு ஆளே கெடையாது, உளவுத்துறை ஜோடிச்ச பேரு. மக்காச்சோளக் காட்டுல விமானம் துரத்துற சீன எல்லாரும் சொல்லுவாங்க, அது பிரமாதம்தான், ஆனா நான் ஏலக்கடை சீனத்தான் சொல்லுவேன். வில்லனோட ஆளுங்க வெளிய போற வழியெல்லாம் அடைச்சு நிக்கறாங்க, இவரு என்ன பண்றாரு, உக்காந்து ஏலத்த கொழப்புறாரு, கேட்ட விலைக்குக் கம்மியா கேக்கறாரு, பொருள் போலியா இருந்தா என்ன பண்றதுங்கறாரு, ஒரே ரகள, போலீஸ் வந்து இவரப் பிடிச்சுட்டுப் போறாங்க, உயிர் தப்பிச்சாச்சு. வாயால பொழைக்கிற ஆளு வாயாலயே தப்பிக்கிறாரு.

அடுத்து எல்லாரும் கேக்கற கேள்வி, இவங்க ஏன் நேரா போலீஸ்கிட்ட போகல? நல்ல படம் இதுக்குப் பதில் வெச்சிருக்கும். கேரி கிராண்ட் போக முடியாது, ஐநா கட்டடத்துல ஒருத்தர் முதுகுல கத்தி பாஞ்சு இவர் மேல சாயறாரு, இவர் கத்தியக் கையில பிடிச்சிருக்கறப்ப ஃபோட்டோ எடுத்துடறாங்க. டூயல்ல மேன் போலீஸுக்கு ஃபோன் போடறப்பவே லாரி அந்த ஃபோன் பூத்த இடிச்சு நொறுக்கிட்டுப் போகும்.

போலீஸே ஆபத்தா இருந்தா? அதுக்கு ‘தி ராங் மேன்’ (1956). இது முழுக்க நெஜமா நடந்தது, ஹிட்ச்காக்கே படத்து ஆரம்பத்துல வந்து அத சொல்லுவாரு. மேனி பாலெஸ்ட்ரெரோன்னு நியூயார்க் க்ளப் ஒண்ணுல பேஸ்ங்கற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கிறவரு, 1953 ஜனவரி, மனைவிக்குப் பல் வைத்தியத்துக்கு 300 டாலர் வேணும், அவங்க இன்சூரன்ஸ் பாலிசி மேல கடன் கெடைக்குமான்னு விசாரிக்க ஆபீஸுக்குப் போறாரு. கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணுங்க, முன்ன வந்து கொள்ளையடிச்ச ஆளு இவர்தான்னு நெனச்சு பயந்து நடுங்கறாங்க. போலீஸ் இவர கொள்ளை நடந்த கடைகளுக்குள்ள நடந்து காட்டச் சொல்லுது, கொள்ளைக்காரன் குடுத்த சீட்டுல இருந்தத எழுதச் சொல்லுது, அதுல அவன் விட்ட அதே எழுத்துப் பிழைய இவரும் விட்டுடறாரு. பாத்தப்ப என் கை சில்லுன்னு ஆயிடுச்சு. அடி இல்ல, மெரட்டல் இல்ல, எல்லாரும் மரியாதையாத்தான் பேசறாங்க, ஆனா ஒவ்வொரு கதவா மூடிட்டே போகுது. உண்மையான திருடன் பின்னால பிடிபட்டுடறான், ஆனா அதுக்குள்ள இவர் மனைவி மனசு ஒடஞ்சு மனநல விடுதியில கெடக்கறாங்க. சின்ன வயசுல அப்பா ஒரு சீட்டு குடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்ப, அங்க கொஞ்ச நேரம் லாக்கப்புல போட்டுப் பூட்டினாங்கன்னு ஹிட்ச்காக் பல தடவ சொல்லியிருக்காரு, அந்த பயம் இந்தப் படத்துல அப்படியே தெரியும்.

தமிழ்ல கேட்டா ‘பாபநாசம்’ (2015), மலையாள ‘த்ருஷ்யம்’ எடுத்த ஜீத்து ஜோசஃபே இதையும் எடுத்தாரு. கேபிள் டிவி நடத்தற சுயம்புலிங்கத்துக்குத் தெரிஞ்சதெல்லாம் ராவெல்லாம் ஆபீஸ்ல உக்காந்து பாத்த சினிமாதான், அத வெச்சே ஒரு ஐஜியோட மோதறாரு. நான் மேல சொன்ன எல்லாத்துக்கும் நம்ம மொழியில இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தோணல.

இப்ப வர்ற படங்கள்ல பெரிய தலவலி செல்ஃபோன். சிக்னல் இல்ல, சார்ஜ் போச்சுன்னு சொல்லித் தப்பிக்கறது சோம்பேறித்தனம். ஃபோன் வேல செய்யணும், கூப்பிட்டா எடுக்கணும், ஆனாலும் உதவி வராம இருக்கணும், அப்படி எழுதறவங்கதான் எழுத்தாளருங்க.

வரிசை கேட்டீங்கன்னா டூயல், அப்புறம் நார்த் பை நார்த்வெஸ்ட், அப்புறம் ராங் மேன். ராங் மேன ராத்திரி தனியா பாக்காதீங்க, மனசு கனத்துரும். டூயல்ல ரெண்டு வடிவம் இருக்கு, டிவில வந்தது 74 நிமிஷம், வெளிநாட்டுத் தியேட்டருக்காக ஸ்கூல் பஸ் சீன், ரயில்வே கேட் சீன், வீட்டுக்கு ஃபோன் பண்ற சீன் எல்லாம் சேத்தது 90 நிமிஷம். பெரும்பாலும் கெடைக்கறது பெருசுதான், சின்னது கெடைச்சா அதையே பாருங்க, மூச்சு விட எடம் குடுக்காது.