கேள்வி பதில்: மோதிரமும் புறாக்கூடும்

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர் கேட் சோப்பின் எழுதிய 'தி அவேக்கனிங்' நாவலை அண்மையில் படித்தேன். அதில் கிரியோல் பெண்கள் ஆண்கள் இருக்கும் இடத்திலேயே தங்கள் பிரசவ வேதனையைக்கூட விவரமாகச் சொல்கிறார்கள். இவ்வளவு வெளிப்படையான சமூகத்தில் கதாநாயகி எட்னாவுக்கு மட்டும் ஏன் மூச்சு முட்டுகிறது?

பதில்: சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். 1803-இல் அமெரிக்கா விலைக்கு வாங்குவதற்கு முன்பே, இன்று அதன் தென்மாநிலங்களில் ஒன்றான லூசியானாவில் குடியேறியிருந்த பிரெஞ்சு, ஸ்பானியக் குடும்பங்களின் வழிவந்தோரைக் கிரியோல் என்பார்கள். கலப்பினக் குடும்பங்களும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டன, அதற்குப் பிறகு வருகிறேன். 1899-இல் வெளியான இந்த நாவலில் வருவோர் நியூ ஆர்லியன்சின் வசதி படைத்த, பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள். எட்னாவோ கென்டக்கி மாநிலத்தில், புராட்டஸ்டன்ட் பிரிவுகளில் ஒன்றான பிரெஸ்பிடேரியன் குடும்பத்தில் பிறந்தவள். கிராண்ட் ஐல் தீவின் கோடை விடுதியில் ஒரு புத்தகம் கைமாறிக்கொண்டிருக்கிறது. மற்றவர்கள் அதைச் சாப்பாட்டு மேசையில் தாராளமாக விவாதிக்க, எட்னா காலடி ஓசை கேட்டாலே அதை ஒளித்து வைக்கிறாள்.

மனைவியின் கற்பு ஐயத்துக்கே இடமில்லாதது என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்தப் பேச்சுரிமை நின்றது. வேலி அவ்வளவு ஆழமாக ஊன்றப்பட்டிருந்ததால் கதவைத் திறந்து வைப்பதில் யாருக்கும் அச்சமில்லை. எட்னாவின் கிரியோல் தோழி அடெல் ரட்டிஞோல், எட்னாவைச் சுற்றிவரும் இளைஞன் ராபர்ட்டை எச்சரிக்கும் பகுதியைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: எட்னா நம்மவள் இல்லை, உன் பேச்சை மெய்யென்று நம்பித் தொலைக்கக்கூடும் என்பதே அவளுடைய கவலை. கொஞ்சிப் பேசலாம், நம்பத்தான் கூடாது. வெளியிலிருந்து வந்த எட்னாவுக்கு இந்த விதியை யாரும் சொல்லித் தரவில்லை.

முதல் அத்தியாயத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. கடற்கரையிலிருந்து வெயிலில் கன்றித் திரும்பும் மனைவியை, சேதமடைந்துவிட்ட விலையுயர்ந்த உடைமையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான் எட்னாவின் கணவன் லியோன்ஸ். அவள் வாய் திறவாமல் கையை நீட்டுகிறாள். தன்னிடம் கொடுத்து வைத்திருந்த மோதிரங்களை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து அந்த உள்ளங்கையில் போடுகிறான். பின்னொரு நாள் அவள் திருமண மோதிரத்தைக் கழற்றித் தரைவிரிப்பில் எறிந்து குதிகாலால் மிதிக்கும்போது அதில் ஒரு கீறல்கூட விழுவதில்லை. பணிப்பெண் தேடி எடுத்துக் கொடுத்ததும் மறுபடியும் கை நீட்டி வாங்கி அணிந்துகொள்கிறாள். கை நீட்டும் அந்த அசைவு இரண்டு முறை வருவதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

கேள்வி: எட்னா கணவனின் மாளிகையை விட்டுத் தெருமுனை திரும்பியதும் இருக்கும் நான்கு அறை வீட்டுக்குத்தானே போகிறாள்? இதையா விடுதலை என்பது?

பதில்: தூரத்தை அளக்காதீர்கள், வாடகை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். தாயின் சொத்திலிருந்து தந்தை சிறுகச் சிறுக அனுப்பும் பணம், குதிரைப் பந்தயத்தில் வென்ற தொகை, விற்கத் தொடங்கியிருக்கும் ஓவியங்கள் என்று தன் வருவாயை அவளே கணக்குச் சொல்கிறாள். பிரெஞ்சுச் சட்ட மரபில் வந்த லூசியானாவின் 1870-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத் தொகுப்பின்படி, மரபுரிமையாக வந்த சொத்து மனைவிக்கு உரியது. மணவாழ்க்கையில் ஈட்டியது இருவருக்கும் பொது என்றாலும் அதை ஆளும் அதிகாரம் கணவனுடையது. பெண் ஓர் உயிலுக்குச் சாட்சியாகக்கூட நிற்க முடியாத காலம் அது. எட்னாவின் மூன்று வரவில் தாய்வீட்டுப் பணத்தைத் தவிர்த்த மற்ற இரண்டும் சட்டப்படி யார் கைக்குப் போயிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

லியோன்ஸோ சட்டத்தின் பக்கமே போகவில்லை. மனைவி வெளியேறியதைக் கண்டு, பணமுடையில் சிக்கிவிட்டான் என்று ஊர் பேசிவிடுமோ என்பதே அவனுடைய கவலை. மாளிகையைப் புதுப்பிக்கிறோம் என்று செய்தித்தாளில் ஒரு குறிப்பு வரச் செய்கிறான். செவ்வாய்தோறும் விருந்தினரை வரவேற்கும் வழக்கத்தை அவள் கைவிட்டபோதும் அவனை உறுத்தியது தொழில் தொடர்புகள் கெட்டுவிடும் என்ற எண்ணம்தான். 'புறாக்கூடு' என்று பெயர் பெற்ற அந்தச் சிறுவீட்டில் கதவைத் திறப்பதும் சாத்துவதும் எட்னாவின் விருப்பம் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேள்வி: கிரியோல் பெண்களைப் பற்றி அக்காலத்தில் வேறு யாரும் எழுதவில்லையா?

பதில்: நியூ ஆர்லியன்ஸ் எழுத்தாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள் 1880-இல் 'தி கிராண்டிசிம்ஸ்' எழுதி, இனக்கலப்பைப் பேசிய குற்றத்துக்காக வெள்ளைக் கிரியோல்களின் கோபத்துக்கு ஆளானார். அவருக்கு மறுப்பாக எழுதப் புகுந்தவர் கிரேஸ் கிங்.

ஆனால் நீங்கள் தேடிப் படிக்க வேண்டியது, நியூ ஆர்லியன்சில் பிறந்த கலப்பினப் பெண்ணான ஆலிஸ் டன்பர் நெல்சனின் 'சிஸ்டர் ஜோசஃபா' என்ற சிறுகதை. எட்னாவின் கதை வெளிவந்த அதே 1899-இல் வெளியான தொகுப்பில் அது இடம்பெற்றது. பெற்றோர் யாரென்று தெரியாமல் கன்னியர் மடத்தில் வளர்ந்த கமீல், தன்னை வளர்க்க முன்வந்த தம்பதியில் அந்த ஆணின் பார்வைக்கு அஞ்சித் துறவியாகிறாள். பிறகு தப்பியோட நினைக்கிறாள். குலமும் பெயரும் இல்லாத அழகிய பெண்ணுக்கு வெளியுலகில் என்ன காத்திருக்கிறது என்று உணர்ந்ததும் மடத்திலேயே தங்கிவிடுகிறாள்.

அதைப் படித்தபின் சோப்பினின் நாவலுக்குத் திரும்பினால், எட்னாவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கலப்பினப் பெண் கண்ணில் படுவாள். எட்னா ஓவியம் பழகுவதற்காக அவள் மணிக்கணக்கில் அசையாமல் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நாவல் முடியும்வரை அவளுக்குப் பெயரே வைக்கப்படவில்லை.