அம்மா வீட்டில் இருந்தே வரதட்சணைப் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: புகுந்த வீடு ஆம்பூர். நகை கேட்டு அடித்ததால் காட்பாடியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். இங்கே ஸ்டேஷனில் ‘ஆம்பூருக்குப் போம்மா’ என்கிறார்கள். வெளியே ஒருவர், ஐயாயிரம் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். போட வைக்கிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஆம்பூருக்கு அலைய வேண்டாம். கொடுமை தாங்காமல் தஞ்சம் புகுந்த ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘எங்கள் ஸ்டேஷன் எல்லை இல்லை’ என்று பெண்களை இன்னும் விரட்டுவது அநியாயம்.

அந்த ஆளுக்கு ஒரு பைசா தராதீர்கள். எஃப்.ஐ.ஆருக்குக் கட்டணமே கிடையாது, நகலும் இலவசம். மனுவை வெள்ளைத்தாளில் நீங்களே எழுதுங்கள். எந்தத் தேதி, யார் அடித்தார், எத்தனை சவரன் கேட்டார்கள், யார் பார்த்தார்கள் என்று இருந்தால் போதும். இப்படிப்பட்டவர்கள் எழுதினால் நடக்காததையும் சேர்த்து விடுவார்கள். கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். சமரசம் என்று அழைத்து, ‘இனி புகார் இல்லை’ என எழுதி வாங்கவும் பார்ப்பார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் வேண்டாம்.

காயம் இருந்தால் இன்றே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போய், அடித்தது யார் என்று டாக்டரிடம் சொல்லிப் பதிய வையுங்கள். வீக்கம் வடிந்த பிறகு போனால் எழுத ஒன்றும் இருக்காது.

மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல, மனு வந்ததற்கான அத்தாட்சி மட்டும்தான்.

ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். கணவர் வீட்டுக் கொடுமைக்கு (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 85) அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு, எஃப்.ஐ.ஆர். போடும் முன் போலீஸ் முதலில் விசாரிக்கலாம். 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஆகவே ‘விசாரிக்கிறோம்’ என்றாலே ஏமாற்று என்று நினைக்காதீர்கள். டி.எஸ்.பி. அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதி இல்லாமல் மாதக்கணக்கில் கவுன்சலிங் என்று இழுத்தால் அது சட்டப்படி அல்ல. பாலியல் வன்கொடுமை மாதிரி பெரிய குற்றத்துக்கு இந்த 14 நாள் பேச்சே கிடையாது.

அதன் பிறகும் பதியவில்லையா? அதே மனுவை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள்.