13 படங்களும் ஒரு தங்கையும்

அன்புள்ள ஐயா,

தீபாவளி விடுமுறையில் தேவகோட்டையில் எங்கள் அப்பத்தா வீட்டில் கூடிய உறவுப் பிள்ளைகள் எல்லோரும் ‘ஹாலோவீன்’ என்ற அமெரிக்கத் திகில் பட வரிசையின் 13 படங்களையும் பார்த்து முடித்தோம். முதல் படத்தில் நடுங்கியவர்கள் ஆறாவது படத்தில் சிரித்துக்கொண்டிருந்தோம். அதே கொலைகாரன், அதே முகமூடி. பிறகு எங்கே கெட்டது? மைக்கேல் மையர்ஸ் இல்லாத மூன்றாம் படத்தைப் பலரும் பழிக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. என் ரசனையில் கோளாறா?

மெ., தேவகோட்டை

அன்புள்ள மெ.,

கெட்டது ஆறாவது படத்தில் அன்று, 1981இல் வந்த இரண்டாம் படத்திலேயே.

இயக்குநர் ஜான் கார்ப்பெண்டர் 1978இல் முதல் படத்தை ஏறத்தாழ மூன்று லட்சம் டாலர் செலவில் எடுத்தார். இல்லினாய்ஸில் இருப்பதாகச் சொல்லப்படும் ஹாடன்ஃபீல்ட் என்ற கற்பனை ஊரின் இலையுதிர் காலத்தை, கலிஃபோர்னியாவின் இளவேனிலில், சாயம் பூசிய இலைகளைத் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் அள்ளிவைத்து, அடுத்த காட்சிக்கு மீண்டும் தூவி உண்டாக்கினார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகம் கொண்ட கடை முகமூடிக்கு வெள்ளை அடித்துக் கண் துளைகளைப் பெரிதாக்கியதும் அதிலிருந்த மனிதக் களை போயிற்று. ரத்தம் மிகக் குறைவு; அகலத்திரையின் ஏதோ ஓரத்தில் மைக்கேல் நிற்பதும், மறுகணம் இல்லாமற்போவதும்தான் நம்மை வதைக்கின்றன. முகப்பிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் திறந்து கிடக்கும் வீட்டில், இரவில், இதைப் பார்த்த உங்கள் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்தப் படத்தின் நாயகியான லாரி என்ற பள்ளி மாணவியை அவன் ஏன் பின்தொடர்கிறான்? தந்தையின் வேலையாக, பாழடைந்த மையர்ஸ் வீட்டு வாசலில் அவள் ஒரு சாவியை வைக்க வருகிறாள். அவன் உள்ளிருந்து பார்த்துவிடுகிறான். வேறு காரணமே கிடையாது. அந்த வாசலுக்கு யார் வந்திருந்தாலும் இதுவே நடந்திருக்கும் என்பதுதான் திகில்.

இரண்டாம் படம் அவளை அவனுடைய தங்கை ஆக்கியது. புதிதாக அறிமுகமாகும் ஒருவரிடம் எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் விசாரித்து அறிந்துகொண்டதும், அவர் அயலாராக இருப்பது அத்துடன் நின்றுவிடும் அல்லவா? மைக்கேலுக்கும் அதுவே நேர்ந்தது. உறவு தெரிந்தவுடன் அவன் செய்வது பங்காளிப் பகையாகச் சுருங்கிவிட்டது. அந்தத் திரைக்கதையிலும் பங்கு வகித்த கார்ப்பெண்டரே பின்னாளில் இந்த முடிவைக் குறைத்துத்தான் பேசினார். 1988, 1989 படங்களில் மைக்கேல் லாரியின் மகளான சிறுமியைத் துரத்தினான். சிறுமியாக நடித்த டானியல் ஹாரிஸ் அந்தப் படங்களின் தகுதிக்கு மீறி நன்றாக நடித்திருக்கிறார். 1995இல் ஒரு ரகசியக் கூட்டத்தின் சாபம்தான் அவனைக் குடும்பத்தையே கொல்லச் சொல்கிறது என்று விளக்கம் வந்தது. விளக்கம் வளர வளரப் பயம் குறைந்தது. நீங்கள் சிரித்ததில் வியப்பில்லை. இயக்குநர் ராப் ஸோம்பி 2007இல் அவனுடைய பிள்ளைப்பிராயத்தை நீட்டி முழக்கிக் காட்டியதும் இதே நோய்தான். 2002ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மூன்றாம் படத்தைப் பொறுத்தவரை உங்கள் ரசனையில் கோளாறில்லை. மைக்கேலின் கதையை முடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும், பிள்ளைகள் முகமூடியும் மாறுவேடமும் அணியும் ஹாலோவீன் பண்டிகையை ஒட்டிய வேறொரு கதை சொல்ல வேண்டும் என்பதே 1982இல் இருந்த திட்டம். தொலைக்காட்சி விளம்பரப் பாட்டால் பிள்ளைகளை மயக்கி, கொல்லும் முகமூடிகளை விற்கும் ஒரு நிறுவனத்தைப் பற்றி டாமி லீ வாலஸ் எடுத்த அந்தப் படம், தலைப்பில் மூன்று என்ற எண் இல்லாமல் வந்திருந்தால் இத்தனை வசை கேட்டிராது. அது எடுபடாமல் போனதால்தான் மைக்கேல் திரும்பி வந்தான்.

2018ஆம் ஆண்டுப் படம் முதல் படத்தைத் தவிர மற்ற அனைத்தையும் தள்ளிவிட்டது. அண்ணன் தங்கை உறவு யாரோ கட்டிவிட்ட கதை என்று ஒரு பாத்திரத்தையே சொல்லவைத்தது. அந்தத் தெளிவு 2021இல் கலைந்துபோனாலும், 2022ஆம் ஆண்டுப் படத்தின் முற்பாதி பலரும் சொல்வதுபோல மோசமில்லை. மறுபடி பார்ப்பதாக இருந்தால் 1978, 2018 இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். தங்கைக் கதையைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால், லாரியாக வரும் ஜேமி லீ கர்ட்டிஸின் நடிப்புக்காக 1998ஆம் ஆண்டுப் படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.