லண்டன் பையர் பணம் தரவில்லை. திருப்பூரில் வழக்குப் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். இங்கிலாந்தில் உள்ள ஒரு இறக்குமதியாளருக்கு மூன்று சீசனாக டி-ஷர்ட் அனுப்பி வருகிறேன். கடைசி ஷிப்மென்ட் 58,000 பவுண்டு. பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) தேதியிலிருந்து 90 நாளில் பணம் தர வேண்டும். கெடு முடிகிற வாரத்தில் ஷேடு மாறியிருக்கிறது, ஜிஎஸ்எம் (துணியின் எடை) குறைகிறது என்று 23,000 பவுண்டைக் கழித்துக்கொள்வதாக டெபிட் நோட் அனுப்பினார்கள். மீதியும் வரவில்லை. இங்கே இருக்கும் பையிங் ஏஜென்ட், "விடுங்கண்ணா, பாதிக்கு முடிச்சுக்கலாம்" என்கிறார். பர்ச்சேஸ் ஆர்டரின் அடியில் இங்கிலாந்து சட்டம், லண்டனில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவரை வைத்துத் தீர்ப்பது) என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கெல்லாம் நமக்கு வசதி இல்லை. திருப்பூர் கோர்ட்டிலேயே கேஸ் போட முடியாதா?

பதில்: போடலாம். கோர்ட்டில் வழக்கு எண்கூடக் கிடைத்துவிடும். ஆனால் பணம் வராது.

அந்த ஒரு வரியைக் காட்டி எதிர்தரப்பு மனுப் போட்டால், 1996-ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 45-வது பிரிவின்படி நீதிமன்றம் உங்களை ஆர்பிட்ரேஷனுக்குத்தான் அனுப்பும். அவர்கள் வரவே இல்லை, உங்களுக்கு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். நம் நாட்டுத் தீர்ப்பைப் பதிவு செய்து நிறைவேற்ற இங்கிலாந்தில் சட்ட வழி இருக்கிறது. ஆனால் அவர்கள் இங்கே வந்து வழக்காடியிருக்க வேண்டும், அல்லது உங்கள் ஊர் நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அந்தக் காகிதத்தை அங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். அதற்குள் சம்மன் கடல் தாண்டிப் போய்ச் சேருவதற்கே மாதக்கணக்கில் வாய்தா ஓடியிருக்கும்.

லண்டன் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். என் கணக்கில் அது உங்களுக்குச் சாதகமான வரி. பையரின் வங்கிக் கணக்கும் கோடவுனும் அங்கேதான் இருக்கின்றன. அங்கே வாங்கும் நடுவர் தீர்ப்பை, அந்த ஊர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, அங்கேயே நிறைவேற்றலாம்.

செலவு நீங்கள் நினைக்கும் அளவுக்கு வராது. உங்கள் ஆர்டரில் எந்த நடுவர் மையத்தின் பெயரும் இல்லை. எத்தனை நடுவர் என்றும் எழுதவில்லை. அப்படியானால் இங்கிலாந்துச் சட்டப்படி ஒரே நடுவர்தான். நோட்டீஸ் கொடுத்து 28 நாளுக்குள் இரு தரப்பும் சேர்ந்து அவரை நியமிக்க வேண்டும். பையர் இழுத்தடித்தால் நீதிமன்றம் நியமிக்கும். ஆவணங்களை வைத்தும் வீடியோவிலும் நடத்தச் சொல்லிக் கேட்கலாம். 1 ஆகஸ்ட் 2025 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஜெயிக்க வழியே இல்லாத வாதத்தை நடுவர் சுருக்கமாகத் தள்ளிவிடவும் முடியும். தோற்றவர் செலவுத்தொகை தர வேண்டும் என்பது அங்கே பொது விதி. இது இரு பக்கமும் வெட்டும், மறந்துவிடாதீர்கள். அப்புறம், ஆர்பிட்ரேஷனில் உங்களுக்காகப் பேச அந்த நாட்டு வக்கீல்தான் வேண்டும் என்பதில்லை. கோர்ட் படி ஏற வேண்டி வந்தால் மட்டும் அங்குள்ளவரை அமர்த்தினால் போதும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வழக்கு எந்த ஊரில் நடக்கிறது என்பதைவிட, இந்த 90 நாளில் யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்பதுதான் இதைத் தீர்மானிக்கும். கண்டெய்னர் என்றைக்குப் போய்ச் சேர்ந்தது? முதல் புகார் என்றைக்கு வந்தது? இடையில் அந்தச் சரக்கை அவர்கள் விற்றார்களா? இங்கிலாந்தின் 1979-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 35-வது பிரிவு: சரக்கை நியாயமான காலத்துக்கு மேல் சும்மா வைத்திருந்தாலோ, சொந்தக்காரர்போல அதைக் கையாண்டாலோ, ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். பிறகு பையரால் முழுதாக நிராகரிக்க முடியாது. விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் குறையையும் நஷ்டத்தையும் அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். எனவே இன்றே அவர்களுடைய வெப்சைட்டைத் திறந்து பாருங்கள். உங்கள் ஸ்டைல் அங்கே விற்பனையில் இருந்தால் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சீல் போட்ட அப்ரூவல் சாம்பிள், லேப் ரிப்போர்ட், ஏஜென்ட்டின் க்யூசி (தரப் பரிசோதகர்) கையெழுத்துப் போட்ட ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் மூன்றையும் தேடி எடுங்கள். ஃபைனல் பாஸ் செய்த சரக்குக்கு மூன்று மாதம் கழித்து ஷேடு சரியில்லை என்றால், நடுவரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

வாட்ஸ்அப்பில் இனி ஒரு வார்த்தை அனுப்பாதீர்கள். கரூர் பக்கம் பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் ஒரு கட்சிக்காரரின் வழக்கில், அவருடைய மெர்ச்சண்டைசர் பையன் மரியாதைக்காக "சாரி சார், அடுத்த ஷிப்மென்ட்ல கரெக்ட் பண்ணிடறோம்" என்று அனுப்பிய ஒரு வரியே எதிர்தரப்பின் முதல் ஆவணமாக வந்து நின்றது. நம் ஊரில் அது பணிவு. நடுவர் முன்னால் அது ஒப்புதல் வாக்குமூலம். சமரசம் பேசுவதென்றால் இமெயிலில், தலைப்பிலேயே ‘வித்தவுட் ப்ரெஜுடிஸ்’ (இதில் பேசுவது எனக்கு எதிரான சாட்சியம் ஆகாது என்று பொருள்) என்று போட்டுப் பேசுங்கள்.

டெபிட் நோட்டை அப்படியே ஒப்புக்கொண்டாலும் 35,000 பவுண்டு மிச்சம் இருக்கிறதே, அதை ஏன் தரவில்லை? முதல் நோட்டீஸ் அந்தத் தொகையைப் பிரித்துக் கேட்கட்டும். தகராறு இல்லாத கடன் 750 பவுண்டைத் தாண்டினால், 21 நாள் கெடுவோடு அங்கே ஒரு சட்டப்பூர்வக் கோரிக்கை அனுப்பலாம். பணம் வராவிட்டால் கம்பெனியைக் கலைக்கக் கோரும் மனு வரைக்கும் போகும். அது கூர்மையான கத்தி. உண்மையான தகராறு உள்ள தொகைக்கு அதை வீசினால் நீதிமன்றம் உங்கள் கையைத்தான் வெட்டும். அதற்கு முன், அந்த நாட்டின் கம்பெனிப் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகப் பார்த்துவிடுங்கள். கணக்கு தாக்கல் செய்யாமல், சொத்தெல்லாம் வங்கிக்கு அடமானம் என்று இருந்தால், தீர்ப்பு வாங்கி ஃபிரேம் போட்டுத்தான் மாட்ட வேண்டும். அப்போது ஏஜென்ட் சொல்லும் பாதிகூட நல்ல விலைதான்.

அந்த ஏஜென்ட்டையும் சும்மா விட வேண்டியதில்லை. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 230-வது பிரிவில், வெளிநாட்டு வியாபாரிக்காக இங்கே சரக்கு வாங்கும் ஏஜென்ட் தானே அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று ஓர் அனுமானம் இருக்கிறது. 1872-லேயே எழுதி வைத்தது. உங்கள் ஆர்டர் பையரின் லெட்டர்ஹெட்டில் நேரடியாக வந்திருந்தால் இது நிற்காது. ஏஜென்ட்டின் பெயரில், அவர் கையெழுத்தில் வந்திருந்தால் பேச்சே மாறிவிடும்.

ஈசிஜிசி பாலிசி (ஏற்றுமதிப் பணம் வராவிட்டால் ஈடு தரும் அரசு நிறுவனக் காப்பீடு) எடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பணம் வராததை உடனே தெரிவியுங்கள். ஆனால் தரத்தைப் பற்றிப் பையர் கிளப்பும் தகராறுக்கு, அவர் நாட்டில் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கினால்தான் அந்தப் பாலிசி பணம் தரும். ஈசிஜிசியைக் கேட்காமல் பையருக்குத் தள்ளுபடி கொடுத்துவிட்டால் க்ளைமும் சிக்கலாகும். வங்கியிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஷிப்பிங் பில், ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று ரிசர்வ் வங்கி கண்காணிக்கும் இடிபிஎம்எஸ் பதிவில் நிலுவையாகவே நிற்கும்.

என்னிடம் கேட்டால், நாற்பத்தைந்தாயிரம் பவுண்டுக்கு மேல் ஒரே தவணையில் வருகிறதென்றால் வாங்கிக்கொண்டு அடுத்த சீசனைப் பார்க்கலாம். பாதிக்கு இப்போதே தலையாட்ட வேண்டாம். ஆர்டர், இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், டெபிட் நோட், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் ஐந்தையும் தேதி வரிசையில் அடுக்கி, வாட்ஸ்அப் உரையாடலை ஒரு வரிகூட அழிக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். அழித்தது ஏதாவது இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.