சாய்ந்த ரிவிட்டைப் பிடுங்கலாமா?

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஓர் அலுமினிய விமானத்தின் ரட்டரை, அதாவது வாலிலுள்ள சுக்கானை, கட்டி வருகிறேன். தோலை (வெளித்தகட்டை) ஸ்பாரோடு (உள்ளே தாங்கும் நீளச் சட்டத்தோடு) சேர்க்கும் 3/32 அங்குல ரிவிட்டுகளில் (அடித்து இறுக்கும் ஆணிகளில்) 9 சாய்ந்துவிட்டன. பிடுங்கி மாற்றினேன், அவற்றில் 5 மறுபடியும் சாய்ந்தன. பிரைமரும் (அடிப்பூச்சும்) வெளுத்துப்போகிறது. எங்கே தவறு?

க., ஏற்காடு

அன்புள்ள க.,

மறுபடி சாய்ந்த ஐந்துக்கும் ஓட்டைதான் காரணமாக இருக்கும். பிடுங்கும்போது ஓட்டை பெருத்துவிடும். தளர்ந்த ஓட்டையில் தண்டு நிமிர்ந்து நிற்காது, மடங்கித்தான் உட்காரும்.

அடிபட்ட முனை 3.6 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. உயரம் இருக்கிறதா? ஓட்டையை முழுக்க மூடி, வெடிப்பில்லாமல் தகட்டில் படிந்திருக்கிறதா? அப்படியானால் லேசான சாய்வை விட்டுவிடுங்கள். அழகுக்காகப் பிடுங்கினால் தோல்தான் கெடும்.

பிடுங்கியே ஆகவேண்டுமென்றால் வெளித்தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் புள்ளி வைத்து, 2.5 மி.மீ. பிட்டால் தலையின் ஆழத்துக்கு மட்டும் துளையுங்கள். பிட் தகட்டைத் தொடவே கூடாது. அந்தக் குழியில் பின் பஞ்ச் என்ற மெல்லிய கம்பிக் கருவியை விட்டு அசைத்தால் தலை ஒடியும். தண்டைத் தட்டும்போது மறுபக்கம் துளையிட்ட மரக்கட்டையை முட்டுக்கொடுங்கள். இல்லாவிட்டால் இவ்வளவு மெல்லிய தகடு குழிந்துவிடும்.

பெருத்த ஓட்டைக்கென்றே 1/8 அங்குலத் தண்டும் சிறிய தலையும் உள்ள ரிவிட் உண்டு. அதற்கு 3.3 மி.மீ. பிட் வேண்டும், 3.2 இறுக்கும். ஓட்டையின் மையம் தகட்டு விளிம்பிலிருந்து 6.4 மி.மீ.யாவது தள்ளியிருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

முதலில் சாய்ந்த ஒன்பதும் ஒரே பக்கம் சாய்ந்தனவா? அப்படியென்றால் பக்கிங் பாரை (ரிவிட்டின் மறுமுனையில் முட்டுக்கொடுக்கும் இரும்புக் கட்டையை) சரித்துப் பிடித்திருக்கிறீர்கள். ஆளுக்கொரு பக்கம் என்றால் ரிவிட் தேவைக்குமேல் நீளம். தகடுகளின் கனத்தைத் தாண்டி 3.6 மி.மீ. நின்றால் போதும். ரிவிட் அடிக்கும் துப்பாக்கியில் காற்றழுத்தம் குறைவாக இருந்தாலும் சிக்கல்தான்: பல அடி வாங்கிய ரிவிட் இறுகிப்போய், அதற்குமேல் சீராகப் பரவாது.

பிரைமர் வெளுப்பது ஈரத்தால். தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிட) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்கவேண்டும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கும் மாலையில் அது நடக்காது. நடுப்பகலில் அடியுங்கள், அல்லது பாகங்களைச் சேலத்துக்கு இறக்கிவிடுங்கள். கீழே வெயிலில் இரண்டு பாகப் பிரைமர் கலவை சீக்கிரம் கெட்டியாகும், அதனால் கொஞ்சங்கொஞ்சமாகக் கலக்குங்கள்.

ரட்டரில் மீண்டும் கைவைக்கும் முன், அதே கனமுள்ள இரண்டு கழிவுத் தகடுகளைச் சேர்த்துப் பத்து ரிவிட் அடித்து, ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். சாய்ந்தால் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.