எட்டுத் தூணும் மஞ்சள் மனிதனும்

அன்புள்ள தம்பிக்கு,

மகளைப் பார்க்க நானும் ஆச்சியும் (என் மனைவி) லண்டன் போயிருந்தோம். மாப்பிள்ளை ஒரு கண்காட்சிக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தார். நேதன் சவாயா என்ற அமெரிக்கர் லெகோ கட்டைகளைக் கொண்டே செய்த சிற்பங்கள். அதில் ஒரு மஞ்சள் மனிதன் தன் நெஞ்சைத் தானே இரண்டு கையாலும் பிளக்கிறான், உள்ளிருந்து கட்டைகளாகக் கொட்டுகின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளைக விளையாடுற சாமானைப் பார்த்து யாராச்சும் அழுவாகளா?" என்று ஆச்சி கேட்டாள். ஊர் திரும்பியும் அந்தப் பேச்சு ஓயவில்லை. எங்கள் செட்டிநாட்டு வீட்டில் முற்றத்தைச் சுற்றி நிற்கும் வளவுத் தூண் எட்டையும் முகப்புக் கதவையும் விலை பேசி முன்பணம் வாங்கியிருக்கிறோம், அந்த அலைச்சலில் எழுதத் தாமதம். நீங்கள் சொல்லுங்கள். இது கலையா, விளையாட்டா? டிக்கெட் காசு தண்டமா?

கோட்டையூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள அண்ணனுக்கு,

கலைதான். காசு தண்டமில்லை. அழுததற்கு வெட்கப்படாதீர்கள். சவாயா நியூயார்க்கில் வக்கீலாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டுக் கட்டை அடுக்கப் போனார், 2007-ல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் முதல் கண்காட்சி வைத்தார். பிழைப்பு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் என்று வாழ்ந்த எவரையும் அந்த மஞ்சள் மனிதன் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பான். வங்கி வேலையில் முப்பது வருஷம் ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர் நீங்கள் என்று முன்பு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். உங்களை நிறுத்தியதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆச்சியிடம் சண்டை வேண்டாம். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒரு வரி. எட்டுத் தூண், ஒரு கதவு, முன்பணம். தாமதத்துக்குக் காரணம் சொல்வதுபோல அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எப்படி அண்ணே மனசு வந்தது?

நீங்கள் பார்த்த கட்டையைப் பற்றியே முதலில் பேசுவோம். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊர்த் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932-ல் மர விளையாட்டுச் சாமான்கள் செய்யத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் லெகோ. மேலே குமிழும் உள்ளே குழாயுமாக இன்று நாம் காணும் கட்டைக்கு 1958-ல் காப்புரிமை கேட்டார்கள். அந்த வருஷத்துக் கட்டை இன்றைய கட்டையோடு பூட்டிக்கொள்ளும். எட்டுக் குமிழ் வைத்த ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் 91 கோடியே 51 லட்சத்துக்கும் மேற்பட்ட விதங்களில் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எல்லாக் கட்டையின் குமிழுக்கும் ஒரே அளவு என்பதால்தான் இது முடிகிறது. எந்தக் கட்டைக்கும் இன்ன இடம்தான் என்று கிடையாது. காலையில் கோபுரம், மாலையில் கப்பல். கலைத்தால் நஷ்டமில்லை.

அப்படிப்பட்ட கட்டையையே சிற்பமாக்கும்போது சவாயா பசை போட்டு ஒட்டுகிறார். ஊர் ஊராகப் போகும்போது உதிரக் கூடாதல்லவா? இடையில் பிசகினால் சுத்தியலும் உளியும் வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். இத்தனைக்கும் அது கழற்றி மாட்டுவதற்கென்றே பிறந்த சாமான்.

உங்கள் வளவுத் தூண் அப்படியா? பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கை இந்த வீட்டுக்கென்று, இந்தக் கல் பாதத்துக்கென்று, இந்த உத்தரத்தின் கனத்துக்கென்று இழைத்திருக்கிறார்கள். அது வேறு எங்கும் பொருந்தாது. பொருத்தினால் அது தூணாக இராது, தூண் மாதிரி ஒன்றாக நிற்கும்.

பள்ளத்தூரில் எங்கள் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டைப் பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். வளவில் சின்னப் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில், தூணைச் சுற்றி ஒரு கருத்த பட்டை இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஒரு கையால் தூணைக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியதில் ஏறிய எண்ணெயும் வியர்வையும் அது. விரலை வைத்தால் மற்ற இடத்தைவிட அங்கே வழுவழுவென்றிருக்கும். தச்சர்கள் மேலே முட்டுக் கொடுத்துத் தூணை ஒவ்வொன்றாக உருவினார்கள். உருவிய இடத்தில் கல் பாதம் மட்டும் நின்றது. பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் ஹோட்டல் ஒன்றில் தங்கினேன். வரவேற்பறையில் அந்தத் தூண்கள். தலைப்பில் செதுக்கிய வாழைப்பூவை வைத்துக் கண்டுபிடித்தேன். உள்ளே கூரை மட்டம் குறைவு, அடியில் ஒரு முழம் அறுத்திருந்தார்கள். இழைத்து வார்னிஷ் அடித்திருந்தார்கள். அந்தக் கருத்த பட்டை இல்லை.

லெகோ கட்டையை யாரும் அறுக்கத் தேவையில்லை அண்ணே. நம் வீட்டுச் சாமானைத்தான் போகிற இடமெல்லாம் அறுக்க வேண்டியிருக்கிறது. கதவு அங்கே மேஜையாகிறது. நிலைமேல் இருந்த கஜலட்சுமி யார் வீட்டுச் சுவரிலோ தொங்குகிறாள். ஆயா வீட்டு மரமெல்லாம் இன்னும் எங்கோ இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அத்தனையையும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாலும் ஆயா வீட்டை இனி எழுப்ப முடியாது. கலைத்தால் திரும்பக் கட்ட முடியாத ஒன்றைக் கட்டை மாதிரி கழற்றி விற்கிறோம். இதை நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

இன்னொரு விஷயம், இது முழுக்க வேலை சம்பந்தப்பட்டது. வளவுத் தூண்தான் முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரக் கூரையைத் தாங்குகிறது. எட்டையும் எடுத்தால் கூரை இறங்கும். ஓடு போனால் ஐப்பசி மழை நேராகச் சுண்ணாம்புச் சுவரில் இறங்கும். அப்புறம் "வீடு தானாகவே விழுந்துவிட்டது" என்று பங்காளிகள் பேசிக்கொள்வார்கள். தூணை விற்கிறோம், வீடு இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

ஓடு மாற்றவும் கரையான் மருந்து அடிக்கவும் ஆகிற செலவு எனக்குத் தெரியும். பங்கு பிரிந்து பிரிந்து, ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம், சிங்கப்பூரில், ஒரு புள்ளி அமெரிக்காவில், கையெழுத்துக்கே அலைய வேண்டும். உங்கள் தலையில் மட்டும் அந்தப் பாரத்தை ஏற்றிவிட்டு மற்றவர்கள் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதும் தெரியும். அதற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் குறையவில்லை, வருத்தம் கூடுகிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீட்டைக் கொண்டுபோய்க் கட்டவில்லையா என்று கேட்பீர்கள். அது பார்வைக்கு வைக்க, கைத்தொழில் தெரிந்தவர்கள் இருந்து எழுப்பியது. உங்களுக்கு முன்பணம் கொடுத்தவர் அப்படியா கட்டப்போகிறார்? நம் ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அதற்குப் பிறகும் லாரி வந்துகொண்டுதான் இருக்கிறது.

லண்டனிலேயே 2023-ல் டிசைன் மியூசியத்தில் இன்னொரு லெகோ படைப்பு வைத்தார்கள். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் ஆறரை லட்சம் கட்டைகளால், பதினைந்து மீட்டர் நீளத்துக்கு பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்த அல்லிக்குளத்தைச் செய்திருந்தார். அதன் வலப்பக்கம் கறுப்பாக ஒரு பள்ளம். அவருடைய அப்பா ஐ சிங் ஒரு கவிஞர். அரசாங்கம் அவரைச் சீனாவின் வடமேற்கில் உள்ள ஷின்ஜியாங்குக்கு விரட்டியது, அங்கே குடும்பம் தரைக்கடியில் ஒரு குழியில் வாழ்ந்தது. அந்தக் குழியின் வாசல்தான் அல்லிக்குளத்தில் தெரிகிற கறுப்பு. குழியென்றாலும் சின்ன வயசில் இருந்த வீடு, அதன் வாசலை மனிதர் மறக்கவில்லை. கட்டையால் அடுக்கியாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது அவருக்கு. உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. முகப்புக் கதவு இன்றைக்கும் நிலையில்தான் நிற்கிறது.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் முறைப்பார்கள், கொடுத்துவிடலாம். கதவை ஒரு தச்சரிடம் காட்டிக் கீல் மட்டும் சரி பாருங்கள். முதலில் கூரை ஓடுகளைக் கவனியுங்கள், ஒழுகல் நின்றாலே மரம் நிற்கும். வீட்டை முழுசாகக் குத்தகைக்கு எடுத்துத் தங்கும் விடுதியாக நடத்துகிறவர்கள் கானாடுகாத்தானில் இருக்கிறார்கள், போய்ப் பேசிப் பாருங்கள். பங்காளிகள் சம்மதிக்க மாட்டார்கள் என்றால் அடுத்த படைப்புக்கு எல்லோரும் கூடும்போது எனக்குச் சொல்லுங்கள், நானும் வந்து பேசுகிறேன். ஆச்சியையும் உட்கார வையுங்கள். அந்த வீட்டுக்கு வாழ வந்தவர்கள் அவர்கள், தூண் விலை பேசியபோது அவர்களிடம் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தேதியை எழுதுங்கள்.